சிரிக்க யாருக்கு உரிமை?

சில வருஷங்களுக்கு முன் டில்லியில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். நண்பர் டில்லியிலேயே பிறந்து வளர்ந்த ஹிந்திக்காரர். அவர் வீட்டுச் சமையற்காரரோ கிழக்கு உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பெரியவர். 'ஷஹர்' என்பதை அவர் 'ஸஹர்' என்பார். 'யமுனா' அவர் வாயில் 'ஜமுனா' ஆகிவிடும். வீட்டுப் பையன் அதை அப்படியே சொல்லிக் காட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? ஹிந்தியில் சாப்பாட்டுக்கும் 'கானா', பாட்டுக்கும் 'கானா'. முதல் எழுத்தில்தான் வித்தியாசம். தமிழ் நாக்குக்கு அது பிடிபடுவதில்லை. பசி வேளையில் பாட்டுக் கேட்டவன் நான்! அதற்கு யாரும் சிரிக்கவில்லை. "எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள்!" என்று பாராட்டினார்கள். விருந்தாளியின் பிழை அழகாகிவிடுகிறது. வேலைக்காரரின் வழக்கு பிழையாகிவிடுகிறது. அப்படியானால் நாம் சிரித்தது உச்சரிப்பைக் கேட்டா, ஆளைப் பார்த்தா?

பெரியவர் பேசியது பிழையும் அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் துளசிதாசர் அவதியில் இயற்றிய ராமசரிதமானஸத்தில் சிவன் 'ஸிவ' என்று வருகிறார். யசஸ் 'ஜஸ்' என்று வருகிறது. பூஜையறையில் கைகூப்பிக் கேட்கும் ஒலியைச் சமையலறையில் கேட்டால் பரிகாசம் செய்கிறோம். டில்லி, மீரட் பக்கத்துக் கடீபோலி பொதுமொழிக்கு அடிப்படையாயிற்று என்றால், அது மற்றப் பேச்சுகளைவிட உயர்ந்தது என்பதனால் அல்ல. தலைநகரும் சந்தையும் அதன் பக்கம் இருந்தன. அந்த டில்லிக்காரரும் 'கஹ்னா' என்று எழுதிவிட்டு 'கெஹ்னா' என்றுதான் சொல்லுகிறார். அதைப் பிழையென்று சொல்வார் இல்லை.

"பொதுமொழிக்கு ஓர் அளவுகோல் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திருத்தட்டும், அதில் தப்பில்லை. ஆனால் துணியை அளக்கிற கோலால் அதை உடுத்தியவனையும் அளந்து பார்க்கிறோமே, அங்கேதான் அதர்மம் பிறக்கிறது.

மறுநாள் காலையில் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நாக்கு எழவில்லை. பழைய தவறோடு 'கானா' என்று மட்டும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சூடாக ரொட்டி கொண்டுவந்து வைத்தார்.