எந்த ஊருக்கு மருத்துவர்?

மே மாதம் பிறந்துவிட்டால் டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளில் மருத்துவக் கல்லூரி விண்ணப்பம்தான் பேச்சு. அமெரிக்காவில் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புக்குப் பிறகுதான் மருத்துவம். எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வில் மதிப்பெண் வேண்டும், செய்த பணிகளின் பட்டியல் வேண்டும், இடைவெளியும் சேர்த்து 5,300 எழுத்துகளுக்குள் தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும் வேண்டும். அந்தக் கட்டுரைகளை ஒருமுறை பார்த்துக் கொடுக்கச் சொல்லி என்னிடமும் பிள்ளைகள் வருவார்கள்.

“மிச்சிகன் ஸ்டேட்டுக்கும் போட்டு வைக்கிறேன் ஆன்ட்டி, ஸேஃப்டிக்கு” என்றான் ஒருவன். அவன் அப்பாவும் தலையாட்டினார். எனக்கு மனம் கேட்கவில்லை. 200-க்கும் குறைவான இடங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் மோதும் கல்லூரி அது. அதைவிட, அங்கே போகிறவன் எதற்குப் போகிறான் என்று அந்த வீட்டில் யாருமே பேசியிருக்கவில்லை.

நம் ஊரில் மருத்துவக் கல்லூரி என்றால் கூடவே ஒரு பெரியாஸ்பத்திரி இருக்கும். 1964-ல் உருவான மிச்சிகன் ஸ்டேட் மருத்துவக் கல்லூரி தனக்கென்று மருத்துவமனை கட்டிக்கொள்ளாமல், மாநிலத்தின் பல ஊர்களில் ஏற்கெனவே இருந்த மருத்துவமனைகளுக்கு மாணவர்களை அனுப்பியது. லான்சிங், கிராண்ட் ராப்பிட்ஸ், ஃப்ளின்ட் என்று மாணவர்கள் பிரிந்துபோய், பயிற்சிக் காலம் முழுக்க அந்தந்த ஊரிலேயே குடியிருப்பார்கள். மாக்கினா பாலத்தைத் தாண்டி வடக்கே, சுமார் 3 லட்சம் பேர் காடுகளுக்கிடையே சிதறி வாழும் மேல் தீபகற்பத்துக்கும் 1974 முதல் ஒரு பிரிவினர் போகிறார்கள். அங்கே கற்றுக்கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரிலேயே மருத்துவம் பார்ப்பவர்கள். காலையில் பார்த்த நோயாளியை மாலையில் மளிகைக் கடையில் சந்திப்பவர்கள்.

இப்படிப் படிப்பதால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் ஃப்ளின்ட்டைத்தான் சொல்வேன். ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர். ஆலைகள் மூடியதும் நொடித்துப்போன ஊர். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் குடிநீரை ஃப்ளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் இறங்கியது. நிறம் மாறிய தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து காட்டிய தாய்மார்களிடம், குடிக்கலாம், பயமில்லை என்றே அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹர்லி மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, நீர்ப் பொறியாளரான தன் தோழி எச்சரித்த பிறகு, மருத்துவமனையில் இருந்த ரத்தப் பரிசோதனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ரத்தத்தில் ஈயம் மிகுந்தவர்களின் விகிதம், தண்ணீர் மாறிய பின் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. 2015 செப்டம்பரில் அதைப் பத்திரிகையாளர்கள் முன் வைத்தார். மாநில அரசு முதலில் மறுத்தது, பிறகு ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே பழைய தண்ணீர் திரும்ப வந்தது. மோனா மிச்சிகன் ஸ்டேட்டில் மருத்துவம் படித்தவர். மாணவியாக அவர் பயிற்சி பெற்றதும் ஃப்ளின்ட்டில்தான்.

அந்தப் பதிவுகள் வேறு மருத்துவர்களின் கைக்கும் எட்டியவைதான். ஊரைத் தன் ஊராக நினைத்தவர்தான் அவற்றை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். இப்படிப்பட்ட கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை, எந்த மக்களுக்கு மருத்துவராகப் போகிறேன் என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன்.

நம் பிள்ளைகளின் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியின் பக்கமே போவதில்லை. கோடை விடுமுறையில் சென்னைக்குப் பறந்து, மாமாவின் மருத்துவமனையில் இரண்டு வாரம் நின்றுவிட்டு, ஏழ்மையைக் கண்டு மனம் மாறியதாக எழுதுகிறார்கள். அந்த மாற்றம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் ஃப்ளின்ட்டுக்கு அவர்கள் ஒருமுறைகூடப் போனதில்லை. கட்டுரையைப் படிப்பவர்களுக்கு இது தெரியாமலா போகும்?

‘ஸேஃப்டிக்கு’ என்று சொன்ன அந்தப் பையனின் கட்டுரையிலும் சென்னைதான் இருந்தது. பணிப் பட்டியலில் 15 வரை எழுதலாம். கடைசிக்குச் சற்று முன்பாக, பான்டியாக்கில் ஒரு மருந்துக்கடைக் கவுன்ட்டரில் பகுதிநேர வேலை என்று ஒரே வரி. அங்கே என்ன செய்தாய் என்று கேட்டேன். வெகுநேரம் பேசினான். மூன்று மருந்துச் சீட்டோடு வந்து, ஒவ்வொன்றின் விலையையும் கேட்டுவிட்டு, ஒன்றை மட்டும் வாங்கிப்போகும் பாட்டி. மாதக் கடைசியில் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடும் ஓட்டுநர். வரிசையில் நிற்பவர்கள் முன்னால் அவர்கள் கூசிப்போகக் கூடாதென்று, பில் போடுவதற்கு முன்பே விலையைத் தாளில் எழுதிக் காட்டும் பழக்கத்தை இவனாகவே ஏற்படுத்திக்கொண்டிருந்தான். “இதையெல்லாம் எழுதலாமா ஆன்ட்டி? இது சும்மா வேலைதானே?” என்றான்.

எழுதச் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: ஆய்வுக்கூடத்தில்தான் உன் மனம் இருக்கிறதென்றால் அதற்கான கல்லூரிக்குப் போ, அதுவும் உயர்ந்த வேலைதான். ஃப்ளின்ட்டிலோ வடக்குப் பனியிலோ வாழ மனமில்லாமல், கிடைத்தால் சேரலாம் என்று மிச்சிகன் ஸ்டேட்டில் ஓர் இடத்தை அடைக்காதே. அங்கே வாழ்ந்து மருத்துவம் பார்க்கத் துடிக்கிற இன்னொரு பிள்ளையின் இடம் அது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரிகளின் தரவரிசையைப் பார்த்து எங்கெங்கே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யாதீர்கள். பிள்ளை பட்டப்படிப்பில் சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே, விமான டிக்கெட் போடுவதற்குப் பதிலாக, சனிக்கிழமைகளில் காரைக் கொடுத்து அனுப்புங்கள். காப்பீடு இல்லாதவர்களுக்காக நடக்கும் இலவச கிளினிக்குகள் மிச்சிகனில் பல ஊர்களில் இருக்கின்றன. நோயாளியின் பெயரைக் கேட்டு எழுதி, நாற்காலி போட்டு உட்காரவைக்க அங்கே ஆள் தேவை.