மறதியும் வாய்மையும்

நினைவு ஒருவருடைய தனிச்சொத்தா, அன்றி அவரைச் சூழ்ந்தோர்க்கும் அதில் உரிமை உண்டா? முதுமை மறதி நோய் பற்றி மருத்துவம் கூறுவனவற்றை அறியும்போது இவ்வறவியல் வினா எழாமற் போகாது.

மனித மூளை உடல் நிறையில் நூற்றுக்கு 2 வீதமளவே ஆனது. எனினும் உடல் கொள்ளும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை அதுவே நுகர்கின்றது. குருதியோட்டம் சில நிமிடங்கள் தடைப்படினும் அதன் கலங்கள் மாளத் தொடங்கும். 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், தம் பெயரால் இன்று வழங்கும் நோயை விவரித்தார். 1993இல், அபோ-ஈ எனும் பரம்பரையலகின் நான்காம் வகையைப் பெற்றோர்க்கு அந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி எனக் கண்டறியப்பட்டது. அவ்வகை, மூளையின் நுண்குருதிக்கலன்களின் காப்புச் சுவரையும் நலிவிக்கின்றது என 2020இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே பரம்பரையையும் குருதியோட்டத்தையும் பிரித்து நோக்குதல் அரிது.

டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டோருள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007இல் தம் பரம்பரைத் தொகுதி முழுவதையும் உலகறிய வெளியிட இசைந்தார். இவ்வொரு பரம்பரையலகின் செய்தியை மட்டும் தமக்கும் சொல்ல வேண்டாம் என்றார். அறிவையே வாழ்வாகக் கொண்டவர் அறிவுக்கு அஞ்சியது கோழைமையா? அன்று என்பேன். அவ்வகையைப் பெற்ற அனைவர்க்கும் நோய் வருவதில்லை, பெறாதோர்க்கும் வருகின்றது. அதனால் பிறக்கும் அச்சமோ முடிந்த தீர்ப்பைப் போல் ஒருவரை வாட்டும். மேலும், செய்யத்தக்கது இரு சாரார்க்கும் ஒன்றே. உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல், செவிப்புலன் இழப்பு, தனிமை முதலாய 14 காரணிகளை நீக்கினால் இந்நோயுள் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் என 2024இல் லான்செட் ஆணைக்குழு கணித்தது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தமை இங்கு நினைக்கத்தக்கது.

ஆயின் ஆள்வினை எல்லார்க்கும் ஓரளவாய் வாய்க்கின்றதா? வன்னிப் பெருநிலப்பரப்பை நோக்குக. 2008, 2009ஆம் ஆண்டுகளிற் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை இடம்பெயர்ந்து, பின் வவுனியா மாவட்டத்து மெனிக்பாம் முகாமில் அடைபட்டிருந்த முதியவரிடம், மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டீரா என வினவுதல் கொடுமையாகும். இழப்பும் தனிமையும் அவர் தேடிக்கொண்டவை அல்ல.

2017 பெப்ரவரி 20ஆம் நாள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். எந்நாளில், எவ்விடத்தில், எவரிடம் பிள்ளையைக் கையளித்தோம் என்பதற்குத் தாய்மார் பலர்க்கு அவர்தம் நினைவே சான்று. அது மங்குமாயின் சாட்சியொன்று மறைகின்றது. எனவே கிராமத்து வைத்தியசாலையில் தடையின்றிக் கிடைக்கும் குருதியமுக்க மாத்திரையும் நீதியின் பாற்பட்டதே.

இனி, மறதியுற்ற மூதாட்டி ஒருவரைக் கற்பனை செய்வோம். போரில் மாண்ட மகனைப் பற்றி மாலைதோறும், "தம்பி வந்திட்டானோ?" என்று கேட்கின்றார். இறந்தான் என்றாலோ, அன்றுதான் முதன்முறை கேட்டவர்போற் கதறுகின்றார், மறுநாளும் கேட்கின்றார். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு ஒப்பித்தலே வாய்மையாயின், மகள் தன் தாய்க்கு நாள்தோறும் இழவு சொல்லல் வேண்டும். பிறர்க்குத் தீங்கு விளையாமையை வாய்மையின் இலக்கணமாகக் கொண்ட மரபு நம்முடையது. "தம்பியின்ர கதையைச் சொல்லுங்கோ அம்மா" என்று மகள் கேட்பாளாயின், அவள் பொய்யுரைத்தவளும் அல்லள். தாயின் புண்ணைக் கிளறியவளும் அல்லள்.

தாயின் துயரை ஆற்ற உண்மையை மறைக்கலாமெனில், ஊரின் அமைதிக்காகவும் மறைக்கலாமே எனச் சிலர் வாதிடக்கூடும். அது பொருந்தாது. அச்சலுகை, உண்மையைத் தாங்கும் ஆற்றலை நோயால் இழந்தவர்க்கே உரியது. நினைவு குன்றாத சமூகம் அதனைக் கோரலாகாது. தாய் மறக்குமிடத்து அவருடைய நினைவைச் சுமக்கும் கடன் நம்மேல் வருகின்றது. அவருக்கு நினைவுள்ள காலத்தில், அவர் பக்கத்தே அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு எழுதிவைத்தல் பல்கலைக்கழகத்தார் இன்றே தொடங்கத்தக்க பணியாகும்.