தூக்கும் முன் தளர்த்து

கார் ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்கு ஸ்டெப்னி மாற்றவும் வீட்டு வாசலிலேயே கற்றுக்கொடுத்துவிட வேண்டும். ஓடும்போது பஞ்சரானால் பதறி பிரேக்கை அழுத்தக் கூடாது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் அடங்கியதும் சமமான ஓரத்தில் நிறுத்த வேண்டும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நான்கு இண்டிகேட்டர்களையும் மின்னவிட வேண்டும்.

புதியவர்கள் திணறுவது நட்டில்தான். ஜாக்கியில் தூக்கிய பிறகு ஸ்பேனரைத் திருப்பினால் சக்கரமும் கூடவே சுற்றும், வண்டி ஆடும், ஜாக்கி சரியலாம். டயர் தரையில் அழுந்தி நிற்கும்போதே ஒவ்வொரு நட்டையும் அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். மாட்டும்போது எதிரெதிர் நட்டுகளாக முடுக்குங்கள். வரிசையாக முடுக்கினால் சக்கரம் ஒருபக்கமாக உட்காரும். முழு இறுக்கம் வண்டியை இறக்கிய பிறகே. தூக்கிய வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள்.

லாரிகள் உரசிப்போகும் இடமென்றால் மாற்றவே வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 இருக்கிறது. தடுப்புக்கு அப்பால் போய் நின்று அழையுங்கள். டயரைவிட உயிர் பெரிது என்று பிள்ளைகளிடம் வாய்விட்டே சொல்ல வேண்டும். காற்றடிக்க மறக்கப்படுவது ஸ்டெப்னிக்குத்தான்: மற்ற டயர்களுக்குக் காற்றடிக்கும்போது டிக்கியையும் திறந்து காட்டுங்கள்.