பழைய கைபேசிக்குள் இருக்கும் அடைக்கலம்

எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் பழைய கைபேசியோ டேப்லெட்டோ அதன் உடைமையாளருக்கே சொந்தம். அதற்குள் இருப்பவை எல்லாம் அவருக்குச் சொந்தமா? தோழி அழுதபடி அனுப்பிய குரல்பதிவும், தங்கையின் மருத்துவ அறிக்கையும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் படமும் அவரை நம்பி விடப்பட்டவை. கருவியை விற்க உரிமை உள்ளவருக்கு இவற்றையும் சேர்த்துக் கைமாற்ற உரிமை உண்டா என்பது அறநூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்த கேள்வி.

தன் உடைமையை முற்றிலும் விலக்கிக்கொண்டு பிறருக்கு உடைமையாக்குவதே தானம் என்று தர்மசாத்திர உரைகள் வரையறுக்கின்றன. கொடுக்கக் கூடாதவை என நாரத ஸ்மிருதி எட்டைச் சொல்கிறது. இரவல் வாங்கியதும், பிறர் காக்கத் தந்ததும் அவற்றுள் அடக்கம். இஸ்லாத்தில் அமானிதத்தை, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டதை, பேணுவது ஈமான் எனும் இறைநம்பிக்கையோடு சேர்ந்தது. நம்பிச் சொல்லப்பட்ட பேச்சும் அமானிதமே. சிலப்பதிகாரத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலப் பெண் மாதரியிடம் அடைக்கலமாக விடுகிறார். மதுரையில் நடந்த எதிலும் மாதரிக்குப் பங்கில்லை. ஆனாலும் அடைக்கலத்தைக் காக்க இயலாமற்போன துயரில் அவள் தீப்புகுகிறாள். தவறு செய்யாதவரையும் இந்தப் பொறுப்பு எவ்வளவு ஆழமாகப் பற்றியிருக்கும் என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது.

வாங்குபவர் உள்ளே பார்க்கப்போவதில்லை, ஆகவே தீங்கில்லை என்று சிலர் வாதிடலாம். அது நிற்காது. காவலைக் கைவிட்ட கணத்திலேயே நம்பிக்கை முறிந்துவிடுகிறது. திருட்டு நடந்ததா என்பது அதற்குப் பிந்தைய கேள்வி.

அழிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு படத்தை நீக்கினால் அது இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பே முதலில் போகிறது. படத்தின் தரவு சில காலம் சேமிப்பகத்தில் தங்கக்கூடும். 2015இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லாரன்ட் சைமனும் ராஸ் ஆண்டர்சனும் 21 பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகளை ஆராய்ந்தபோது, ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகும் செய்திகளையும் படங்களையும் மீட்க முடிந்தது. இன்றைய கருவிகளில் தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புடன் வெளிவந்தவற்றில் இது கட்டாயம். அங்கே ரீசெட் அழிப்பது குறியாக்கத்தின் திறவுகோலை. எச்சம் இருந்தாலும் எவராலும் படிக்க இயலாது. படிக்கவே முடியாத இரகசியம் வெளிப்படவும் முடியாது என்பதால் அடைக்கலக் கடமை இதனால் நிறைவேறுகிறது எனலாம். பழைய கருவியானால் செட்டிங்ஸில் குறியாக்கத்தை இயக்கிய பின்பே ரீசெட் செய்ய வேண்டும்.

கருவியைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவற்றில் முதலாவது பேக்கப். வங்கிச் செயலிகளையும், உள்நுழைவு எண் தரும் செயலிகளையும் புதிய கைபேசியில் இயங்கவைத்துப் பார்ப்பது அடுத்தது. படங்களை ஒவ்வொன்றாக நீக்கக் கூடாது; ஒத்திசைவு இயங்கிக்கொண்டிருந்தால் இணையக் கணக்கில் உள்ளவையும் சேர்ந்தே அழியும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட வேண்டும். கார்டு பெரும்பாலும் குறியாக்கம் இல்லாதது. பிறகு கூகுள் கணக்கை நீக்கி, ஐபோனானால் 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்து, ரீசெட் செய்யலாம். கணக்கு விலகாத ஐபோன் அடுத்தவர் கையில் திறக்காது. கொடுத்தும் கொடுக்காத அந்த நிலை தானத்தின் இலக்கணத்துக்கே பொருந்தாது.

இயங்காத கைபேசியில் ரீசெட் செய்ய வழியில்லை. பிறர் நம்பித் தந்தவை இன்னும் உள்ளே இருப்பதால், நாரதரின் பட்டியல்படி அது கொடுக்கத் தகாத பொருள் எனலாம். பழுது நீக்கி அழித்த பின் கொடுக்கலாம்; அதுவும் இயலாதெனில், சேமிப்பகத்தைப் பொடியாக்கித் தரும் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிலையத்திடம் ஒப்படைப்பதே முறை.