யார் கையால் எடுத்தீர்கள்?



இரண்டு மாதமாக நம் சபையில் ஒரு சகோதரியைக் கவனித்து வந்தேன். இராப்போஜனத் தட்டு வரும்போது தலையைக் குனிந்துகொண்டு அப்படியே அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார்கள். (அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.) பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தறிக்குழியில் இருந்தபடியே கேட்டார்கள்: "ஐயா, எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாஸ்டர் ஐயா பணத்துல சிக்கி, குடும்பத்தையும் விட்டுட்டுப் போயிட்டாரே. அப்படிப்பட்ட கை என்னைத் தண்ணியில முழுக்கினது செல்லுமா? மறுபடியும் எடுக்கணுமா?"

பாலாறு வறண்டு கிடந்த ஒரு வருஷம், ஒரு பம்புசெட் தொட்டியில் எடுத்த ஞானஸ்நானம் அது. அன்றைக்கு அழுத கண்ணீர் உண்மை, விட்ட பாவங்கள் உண்மை என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் மனதில் ஒரு முள். நம்மில் எத்தனை பேருக்கு இந்த முள் இருக்கிறதோ, கர்த்தர் அறிவார்.

பிரியமானவர்களே, இது புதுக் கேள்வி அல்ல. 303-ம் ஆண்டில் ரோம ராயன் தியோக்கிலேத்தியன் சபையைத் துன்பப்படுத்தி, வேதாகமங்களைப் பிடுங்கிக் கொளுத்தினான். சில ஊழியக்காரர் பயந்துபோய் வேதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் வட ஆப்பிரிக்காவில் சண்டை வந்தது. வேதத்தைக் காட்டிக்கொடுத்த கை கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று ஒரு கூட்டம் பிரிந்தது. தொனாத்திஸ்டுகள் என்று அவர்களுக்குப் பெயர். 411-ல் கார்த்தேஜ் பட்டணத்தில் இரு பக்கத்துக் கண்காணிகளும் நூற்றுக்கணக்கில் கூடி வாதாடினார்கள். அகஸ்டின் சொன்ன பதில் இதுதான்: ஞானஸ்நானம் கிறிஸ்துவுடையது, பேதுரு கொடுத்தாலும் யூதாஸ் கொடுத்தாலும் கொடுக்கிறவர் அவரே. குழந்தை ஞானஸ்நான விஷயத்தில் அகஸ்டினோடு நாம் ஒத்துப்போகிறவர்கள் அல்ல. ஆனால் இதில் அவர் சொன்னது வேதத்தின்படி சரி. யோவான் 4:2-ஐத் திறந்து பாருங்கள். இயேசு தாமே ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, சீஷர்கள்தான் கொடுத்தார்கள். அந்தச் சீஷர்களில் யூதாசும் இருந்தானே!

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். மந்திரவாதியாகிய சீமோனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்? ஆவியிலும் ஞானத்திலும் நிறைந்த பிலிப்பு. நல்ல கைதான். ஆனாலும் சீமோனின் இருதயம் தேவனுக்கு முன்பாகச் செம்மையாய் இல்லை என்று பேதுரு கடிந்துகொண்டாரே (அப்போஸ்தலர் 8). பரிசுத்தவானின் கை பட்டதால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியானால் மறுபடியும் எடுப்பது எப்போதுமே தவறா? இல்லை. எபேசுவில் பவுல் சிலருக்கு மறுபடியும் கொடுத்தார் (அப்போஸ்தலர் 19). ஆனால் "உங்களுக்குக் கொடுத்தவர் எப்படிப்பட்டவர்" என்று அவர் விசாரிக்கவில்லை. விசுவாசிகளானபோது பரிசுத்த ஆவியைப் பெற்றீர்களா, எந்த ஞானஸ்நானம் பெற்றீர்கள் என்றுதான் கேட்டார். யோவானுடைய ஞானஸ்நானத்தை மட்டும் அறிந்திருந்த அவர்கள், அதற்குப் பிறகுதான் இயேசுவின் நாமத்தில் எடுத்தார்கள். ஆகவே அந்தச் சகோதரியிடம் நான் கேட்டதும் அதுதான்: "அம்மா, அன்னைக்கு யாரை விசுவாசிச்சு இறங்கினீங்க?" "இயேசப்பாவைத்தான் ஐயா" என்றார்கள்.

"அப்படின்னா மனுஷனே வேணாமே, நேரா ஆண்டவர்கிட்டயே வாங்கிக்கலாமே" என்று நம் வாலிபர் சிலர் பேசுகிறார்கள். தமஸ்குவுக்குப் போகிற வழியில் சவுலோடு ஆண்டவர் நேரடியாகப் பேசினார். அவரே அங்கேயே கண்ணைத் திறந்திருக்கக் கூடாதா? ஆனால் அனனியா என்கிற ஒரு சாதாரண சீஷனை, அதுவும் பயந்து நடுங்குகிறவனை, அனுப்பி அல்லவா கைவைக்கச் செய்தார்! கொர்நேலியு வீட்டுக்கு வந்த தூதன் சுவிசேஷத்தைச் சொல்லவில்லை, பேதுருவின் விலாசத்தைத்தான் சொன்னான். அங்கே தண்ணீருக்கு முன்னமே அபிஷேகம் இறங்கிவிட்டது. அல்லேலூயா! ஆனாலும் பேதுரு, அதான் ஆவி வந்துவிட்டதே, இனி தண்ணீர் எதற்கு என்று சொல்லவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கக் கட்டளையிட்டார். கிருபை தண்ணீருக்குள் கட்டுண்டதும் அல்ல, தண்ணீரைத் தள்ளிவிடுவதும் அல்ல.

நம்ம ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடா ஓடவேண்டும். எவ்வளவு கைதேர்ந்த நெசவாளியானாலும் அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். அந்தச் சகோதரியின் தறியில் அவர்கள் மகன்தான் உட்கார்ந்திருந்தான். பட்டு கர்நாடகாவிலிருந்து வந்தது, ஜரிகை சூரத்திலிருந்து வந்தது. அதன் பளபளப்பில் ஒரு துளியும் அந்தப் பையன் உண்டாக்கினது அல்ல. ஆனால் அவன் கை இல்லாமல் கரை உடலோடு சேராது.

"அபிஷேகம் பண்ணின பெரிய போதகர்தான் கொடுக்கணும், பகல்ல வேலைக்குப் போற நீங்க கொடுக்கலாமா" என்று என்னையும் கேட்டவர்கள் உண்டு. தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் தமிழ்நாட்டிலேயே இது பேசித் தீர்த்த காரியம். பல் வைத்தியராயிருந்த அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் 1833-ல் இந்தியாவுக்கு வந்து, அப்பம் பிட்கக் குருப்பட்டம் அவசியமில்லை என்று போதித்தார். அவரோடு பழகின நம் திருநெல்வேலிச் சீமை ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், எந்த மிஷனுக்கும் சம்பள ஊழியராகாமல், 1840-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை ஏற்படுத்தினார். 1860-ல் அங்கேதான் ஆவியானவர் பலமாய் இறங்கினார். பாவ அறிக்கையும் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் தமிழ்ச் சனங்கள் நடுவில் உண்டாயின. அசுசா தெரு எழுப்புதலுக்கு 46 வருஷத்துக்கு முன்னே!

ஆனால் ஊழியக்காரராகிய நாங்கள் இதை லைசென்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாங்கள் கொடுத்தது செல்லும், நாங்கள் செல்லாமற்போகலாம். மற்றவர்களுக்குப் பிரசங்கித்துவிட்டுத் தானே ஆகாதவனாய்ப் போவேனோ என்று பவுலே பயந்தார் (1 கொரிந்தியர் 9). தட்டை ஏந்தும்போதெல்லாம் என் கை நடுங்குகிறதற்குக் காரணம் இதுதான். விழுந்துபோன அந்த ஊழியரால் இந்த ஊரில் எத்தனை பேர் இடறிப்போனார்கள்! அதற்கு அவர் கணக்குக் கொடுக்கவேண்டும்.

ஜெபித்து எழும்பினபோது அந்தச் சகோதரி கேட்டார்கள்: "ஐயா, அப்ப அந்த பாஸ்டர் ஐயாவுக்காக நான் ஜெபிக்கலாமா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை, என் ஜெபத்தில் அவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. திரும்பவும் முழங்கால்படியிட்டோம். மகனும் நாடாவை வைத்துவிட்டு வந்தான். போன ஞாயிறு தட்டு வந்தபோது அவர்கள் அப்பத்தை எடுத்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுத்தார்கள்.