நிலம் என்னும் சொல்லும் நெல்வயல் அறமும்

தமிழில் 'நிலம்' என்பது மண்பரப்பு அனைத்திற்கும் பொதுப்பெயர். கேரள வருவாய்ப் பதிவேடுகளிலோ அது நெல்வயலையே சுட்டும். மேட்டுத்தோட்டமும் மனையும் 'புரையிடம்' எனப்படும். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரச் சிற்றூர்களில் இவ்விரு வழக்குகளும் அருகருகே வாழ்கின்றன. இவ்வேறுபாட்டின் பின்னே ஓர் அறவினா உள்ளது. நிலத்துக்கு உரியவர் அதன் இயல்பை மாற்றவும் உரியவரா என்பதே அவ்வினா.

குன்றுகளுக்கிடையே தாழ்ந்து கிடக்கும் வயல்தொகுதியை இப்பகுதி மக்கள் 'ஏலா' என்பர். அது மழைநீரைத் தேக்கி மெல்ல மண்ணுள் இறக்கிச் சுற்றுக் கிணறுகளுக்கு ஊட்டுகிறது. அறுவடைக்குப்பின் கால்நடைகளுக்கு மேய்ச்சலும் தருகிறது. ஒருவர் தம் வயலைத் தூர்த்தால் நீர்வழி அடைபட்டு அயல்வயலும் கெடும். தூர்ப்பதற்கான மண்ணுக்காகக் குன்றும் வெட்டப்படும்.

சட்டங்கள் இங்கு ஒரே திசையில் செல்லவில்லை. 1963ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் ரப்பர் முதலிய தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்களித்தது. நெல்வயலுக்கு அவ்விலக்கு இல்லை. 1967ஆம் ஆண்டின் நிலப்பயன்பாட்டு ஆணை நெல்வயலை அனுமதியின்றி மாற்றுவதைத் தடுத்தது. ஆயினும் 1974-75இல் ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேராக இருந்த கேரள நெற்பரப்பு, 2007-08இல் 2.3 இலட்சமாகச் சுருங்கியது. கூலி, விளைபொருள் விலை ஆகியனவும் இதற்குக் காரணங்களாம். 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பதிவேட்டில் 'நிலம்' என்றிருந்தும் நெல்வயலென அறிவிக்கப்படாதவற்றைக் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ள 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவகுத்தது.

அக்கட்டணம் அரசைச் சேரும். கிணறு வற்றியவரைச் சேராது. தொல்காப்பியம் நிலத்தை முதற்பொருள் என்றும், அந்நிலத்து விலங்கு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் பகுக்கும். பட்டா முதற்பொருளுக்கே உரிமை தருவது. கருப்பொருளோ பலர்க்கும் உரியது. எனவே வயலை மாற்றும் உரிமை வரம்பற்றதன்று எனலாம்.

எனினும் மறுதலை வாதமும் வலியதே. பொதுநன்மைக்காக, நட்டம் தரும் வயலைச் சிறு உழவர் மட்டும் சுமப்பது நீதியாகுமா? 2020இல் கேரள அரசு நெல்வயல் உரிமையாளர்க்கு ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 2,000 ரூபாய் உரிமைத்தொகை அறிவித்தமை இவ்வினாவுக்கான விடையின் தொடக்கம் எனலாம். நெல்லன்றி நீரும் வயலின் விளைச்சலே என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஒரு சென்ட் மனைக்குக் கிடைக்கும் விலையோடு ஒப்பிடின் அத்தொகை மிகச் சிறிது.

தடை விதிக்கும் சமூகம் அத்தடையின் விலையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவ்வாறு பகிராதவிடத்துச் சட்டம் வயலைப் பதிவேட்டில் மட்டுமே காக்கும்.