ஏற்றிவிட்ட கையும் எழுதும் கையும்

ஒருவர் கைகொடுத்து நம்மை மேலே ஏற்றிவிட்டார். சிறிது தூரம் சென்றபின், அவர் காட்டும் வழி வேறு, நாம் செல்ல வேண்டிய வழி வேறு என்று தெரிகிறது. அப்போது அந்தக் கையை விடுவது அறமாகுமா? விட்டால் நன்றி கொன்றவர் என்னும் பழி வரும். விடாவிட்டால் மேற்கொண்ட பணி தேங்கி நிற்கும். இவ்விக்கட்டு எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆயினும் எழுத்துத் தொழிலில் அது மிகத் துலக்கமாகத் தெரிகிறது. ஆகவே, எழுத்தாளனும் அவனுடைய இலக்கிய முகவரும் பிரியும் இடத்தை வைத்துக்கொண்டு இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

இலக்கிய முகவர் என்பவர் தமிழ் எழுத்துலகில் அவ்வளவாகப் பழக்கமில்லாதவர். கைப்பிரதியை எழுத்தாளனே சுமந்துகொண்டு பதிப்பகத்தின் படியேறுவதே நம்மிடையே வழக்கம். மேலைநாட்டில் அவ்வாறன்று. இலண்டனில் ஏ.பி. வாட் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனை ஒரு தொழிலாகவே நிலைநிறுத்தினார். படைப்பைத் தக்க பதிப்பாளரிடம் சேர்ப்பித்தல், விலை பேசுதல், ஒப்பந்தம் முடித்தல், உரிமைத்தொகையை வாங்கித் தம் பங்கு போக எஞ்சியதை எழுத்தாளனுக்கு அனுப்புதல் ஆகியவை முகவரின் பணிகள். வாட் எடுத்துக்கொண்ட பங்கு நூற்றுக்கு 10. இன்று பெரும்பாலும் 15. இவரைத் தரகர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நல்ல முகவர் செய்வது இன்னொன்றும் உண்டு. உலகம் ஒருவனுடைய எழுத்தை நம்பாத காலத்தில் இவர் நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று யார் விலை கட்ட முடியும்? சிக்கல் பிறப்பது அங்கேதான்.

ஜோசப் கான்ராட் போலந்தியர். கடலோடியாக வாழ்ந்து, பின்னர் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்றவர். 1900-ஆம் ஆண்டு ஜே.பி. பிங்கர் அவருடைய முகவரானார். எழுதி முடியாத நாவல்களின் பேரில் பிங்கர் ஆண்டுக்கணக்கில் முன்பணம் கொடுத்து வந்தார். 1910-இல் அக்கடன் 2,000 பவுனுக்கு மேல் ஏறியிருந்தது. அவ்வாண்டு சனவரியில், 'அண்டர் வெஸ்டர்ன் ஐஸ்' நாவலை முடித்த நேரத்தில், இருவருக்கும் கடுஞ்சொல் நேர்ந்தது. தம் ஆங்கிலப் பேச்சைப் பிங்கர் குத்திக்காட்டியதைக் கான்ராட்டால் பொறுக்க முடியவில்லை. அதனைத் தொடர்ந்து அவர் உடலும் உள்ளமும் குலைந்து சில மாதங்கள் படுக்கையில் கிடந்தார். ஏறத்தாழ ஈராண்டு அவ்விருவரிடையே நண்பர் என்னும் விளி மறைந்து, வறண்ட அலுவல் நடையே நிலவியது. ஆனால் கணக்கு வழக்கு அறுபடவில்லை, எழுத்தும் நிற்கவில்லை. 1914-இல் 'சான்ஸ்' நாவல் வெளிவந்து கான்ராட்டுக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்தது. நட்பும் மீண்டும் தளிர்த்தது. 1922-இல் பிங்கர் மறைந்தபோது கான்ராட் ஓர் அரிய நண்பரை இழந்தவராகத் துயருற்றார்.

மற்றொரு வரலாறு அமெரிக்காவில் நிகழ்ந்தது. எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் கதைகளை 1919 முதல் ஹரோல்ட் ஓபர் விற்றுத் தந்தார். 1929-இல் ஒரு சிறுகதைக்கு 4,000 டாலர் கிடைக்கும் அளவுக்கு எழுத்தாளரின் மதிப்பு உயர்ந்தது. பின்னர் காலம் மாறியது. மனைவிக்கு மனநோய், தமக்குக் குடி, கதைகளுக்குக் கிராக்கி இல்லை. ஓபர் கடன் கொடுத்துத் தாங்கினார். ஃபிட்ஸ்ஜெரால்டின் மகள் விடுமுறை நாள்களில் ஓபர் குடும்பத்தாரின் இல்லத்திலேயே ஒரு பிள்ளையாக வளர்ந்தாள். 1937-இல் ஹாலிவுட்டுக்குச் சென்ற ஃபிட்ஸ்ஜெரால்ட், அங்கே பெற்ற சம்பளத்திலிருந்து பழைய கடனை அடைத்தார். 1939-இல் மீண்டும் முன்பணம் கேட்டபோது ஓபர் மறுத்துவிட்டார். இருபதாண்டு உறவு அத்துடன் முறிந்தது. அதன்பின் தம் கதைகளைத் தாமே பத்திரிகைக்கு விற்றுக்கொண்டு, புதிய நாவல் ஒன்றில் ஈடுபட்டிருந்த ஃபிட்ஸ்ஜெரால்ட், 1940 டிசம்பரில் 44-ஆம் வயதில் காலமானார். அந்த நாவல் முற்றுப் பெறவில்லை. தந்தையை இழந்த மகளின் கல்லூரிப் படிப்பு நிறைவுறத் துணை நின்றவர்களுள் ஓபரும் ஒருவர்.

இவ்விரண்டில் யார் மீது குற்றம் காண்பது? மறுப்பதற்கு ஓபருக்கு உரிமை இருந்தது. பிரிவதற்கு ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் உரிமை இருந்தது. துன்பம் விளைந்த காரணம் வேறு. தொழிலையும் அன்பையும் ஒரே பேரேட்டில் எழுதி வந்தார்கள். முன்பணத்தை மறுத்தது அன்பை மறுத்ததாகத் தோன்றியது. ஆனால் ஓபர் ஒரு பேரேட்டை மூடியபோது மற்றொன்றைத் திறந்தே வைத்திருந்தார். அதுவே அவருடைய பெருமை.

நம் போன்ற அலுவலக எழுத்தர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாற்றலாகிச் செல்பவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது ஒரு பட்டியல் எழுதுகிறார். முடிந்த கோப்புகள் இவை, நிலுவையிலுள்ளவை இவை, அலமாரிச் சாவி இது என்று குறித்து, கொடுப்பவரும் பெறுபவரும் கையொப்பமிடுகின்றனர். பத்தாண்டுகள் பக்கத்து மேசையில் இருந்தவர் காட்டிய பரிவு அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை, இடம்பெறவும் கூடாது. அது வேறு ஏடு. எழுத்தாளனும் முகவரும் பிரிவதற்கும் இத்தகைய முறை உண்டு. ஒப்பந்தத்தில் கண்ட கெடுவுக்கு இணங்க எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். கைப்பிரதி எந்தெந்தப் பதிப்பாளரிடம் போயிருக்கிறது என்னும் பட்டியலைக் கேட்டுப் பெற வேண்டும். முகவர் முடித்துத் தந்த பழைய ஒப்பந்தங்களின் வருவாயில், பிரிவுக்குப் பின்னும் அவருக்குப் பங்கு சேர்வதே பொது வழக்கம். அதை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். இத்தனையும் செய்தபின் தொழிற்கணக்கு தீர்ந்தது. நன்றிக்கணக்கு தீரவில்லை, அது தீர்க்கப்படுவதற்கென ஏற்பட்டதுமன்று.

செய்ந்நன்றியறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், உதவியவரின் நிழலிலேயே ஆயுள் முழுவதும் நிற்க வேண்டும் என்று அதில் எங்கும் விதிக்கவில்லை. உதவியவருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தாம் செய்த நன்மையைச் சொல்லிச் சொல்லி ஒருவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்பவர், நன்மையை வட்டிக்கு விட்டவராகிறார்.

பிரிந்தும் பகையாமல் முன்னேகும் வழி உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று காணலாம். ஆர்.கே. நாராயணின் முதல் நாவலாகிய 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' கிரகாம் கிரீனின் பரிந்துரையால் 1935-இல் இலண்டனில் வெளிவந்தது. போர்க்காலத்தில் இங்கிலாந்துத் தொடர்பு நலிந்தபோது நாராயண் கைகட்டி இருக்கவில்லை. 1940-களில் மைசூரில் 'இந்தியன் தாட் பப்ளிகேஷன்ஸ்' என்னும் சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். தம் நூலைத் தாமே வெளியிடக் கற்றுக்கொண்டார் என்பதால் கிரீனை அவர் மறந்துவிடவில்லை. 1991-இல் கிரீன் மறையும் வரை அந்நட்பு நீடித்தது.

இது எழுத்தாளருக்கு மட்டும் உரிய பாடமன்று. தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் ஒரு பெட்டியுடன் ரயிலேறி வந்த நம்மவருள் பலரை, யாரோ ஒரு மாமாவோ அண்ணாச்சியோ நிலையத்துக்கே வந்து எதிர்கொண்டார். தம் ஓரறைக் குடியிருப்பில் பாய் விரிக்க இடம் தந்தார். வேலைக்கு மனு எழுதிக் கொடுத்தார். பின்னர் ஒருநாள் தனி வீடு பார்த்துக் குடிபோக வேண்டிய காலமும் வந்தது. அவர் மனம் வருந்துமே என்று அங்கேயே தங்கியிருந்தால் நம் குடும்பம் தழைத்திராது. அதே வேளையில், குடிபோன மறுநாளே அவர் வீட்டுத் தெருவை மறந்திருந்தால் நம் தழைப்புக்கு என்ன பொருள்?

எழுதும் கை எழுதத்தான் வேண்டும். அதற்காகப் பிடித்த கையை விடவும் நேரலாம். விடும்போது உதறாமல் விடுவதும், விட்டபின் அக்கையின் வெதுவெதுப்பை நினைவில் வைத்திருப்பதும் நம் பொறுப்பு.